ககரம் முதல் னகரம் வரை

“பாதிப் பேரு பாதியா நிக்குது. உன் பாட்டி பேரு மொத்தமாவே காணோம். இதுதான் கம்ப்யூட்டர் வேலையாம்மா?”

மாமா கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டம். ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. லயங்களை இடித்துப் பல வருஷமாகிறது. அங்கே கோயிலை ஒட்டி ஒரு மரண சகாய நிதி நடந்துவந்தது. வீட்டுக்கு வீடு மாதச் சந்தா. யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் அடக்கச் செலவு அந்த நிதியிலிருந்து. அதன் கணக்குப் புத்தகங்களில் மூன்று மட்டும் மாமாவிடம் தப்பியிருக்கின்றன. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அவர் உட்கார்ந்து அவற்றை வரி வரியாகக் கணினியில் தட்டினார். பெயர், தகப்பன் பெயர், லயத்து எண், இத்தனை வெள்ளி, இத்தனை காசு. அந்தத் தோட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு எங்கள் குடும்பத்தின் கையில் இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி அதுதான்.

“நீ இன்ஜினியர்தானே, இதப் பேரு தனியா காசு தனியா பிரிச்சுக் குடு” என்றார். ஒரு சனி ஞாயிறு வேலை என்று நினைத்தேன். நாலைந்து வரிகளை வைத்துச் சோதித்தேன், சரியாக வந்தது. முழுவதையும் ஓட்டி, பிரிண்ட் எடுத்து, திரும்பிப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அது எங்கே நடந்தது என்று தோண்டிப் பார்க்கப் போய், ஒரு சின்ன கோட்டுக்குறிக்குப் பின்னால் இவ்வளவு வரலாறா என்று அசந்துபோனேன்.

ஸ்கேனரும் டோக்கனும்

ஸ்கேனர் என்றதும் மாமா ஜெராக்ஸ் மெஷினைத்தான் நினைத்தார். நான் சொன்னது வேறு. நிரலாக்க உலகில் ஸ்கேனர் என்பது ஒரு நீண்ட எழுத்து வரிசையை இடமிருந்து வலமாகப் படித்து, இது சொல், இது எண், இது வெற்றிடம் என்று துண்டு போடும் பகுதி. ஒவ்வொரு துண்டுக்கும் டோக்கன் என்று பெயர். நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், முதலில் செய்யும் வேலையே இதுதான்.

துண்டு போடுவதற்கு நாம் விதி எழுதித் தர வேண்டும். [0-9]+ என்று எழுதினால், 0 முதல் 9 வரையுள்ள எழுத்துகளில் ஒன்றோ அதற்கு மேலோ அடுத்தடுத்து வந்தால் அது ஒரு எண் என்று பொருள். சதுர அடைப்புக்குள் இருப்பவை அனுமதிக்கப்பட்ட எழுத்துகள். நடுவில் உள்ள கோடு ‘முதல் – வரை’. கூட்டல் குறி ‘ஒன்று அல்லது அதற்கு மேல்’. நட்சத்திரக் குறி போட்டால் ‘இல்லாமலும் இருக்கலாம்’.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு கம்பைலர் பாடத்தில் இதைப் படித்தேன். முதல் வாரம் எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தமிழ்ச் சொற்களை வைத்தே அதை நன்றாக விளக்கலாம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியைப் பற்றிய கட்டுரை 2009-இல் வெளிவந்தது. அந்த மொழியில் ‘முடி’ என்பது ஒரு கட்டளைச் சொல். யாராவது தன் மாறிக்கு ‘முடிவு’ என்று பெயர் வைத்தால் ஸ்கேனர் என்ன செய்யும்? ‘முடி’ என்ற கட்டளையைப் பார்த்ததும் அங்கேயே வெட்டிவிட்டு, ‘வு’வை அநாதையாக விடுமா?

விடாது. பொருந்தக்கூடியவற்றில் மிக நீளமானதை எடு என்பது முதல் சட்டம். அதனால் ‘முடிவு’ முழுசாக வரும். இரண்டு விதிகள் ஒரே நீளத்துக்குப் பொருந்தினால் மேலே எழுதியது வெல்லும் என்பது இரண்டாவது சட்டம். பெயர்களுக்கான பொது விதியை மேலேயும் ‘முடி’யைக் கீழேயும் எழுதிவிட்டால், ‘முடி’ ஒருநாளும் கட்டளையாக வராது. நிரல் முடியவே முடியாது. என் முதல் வீட்டுப்பாடம் அப்படித்தான் போனது.

நரம்பிலிருந்து லெக்ஸ் வரை

இந்த விதிகளின் பூர்வீகம் கணினி அல்ல, மூளை. 1943-இல் மெக்கல்லாக், பிட்ஸ் என்ற இருவர் நரம்பணுக்களைத் தர்க்கக் கருவிகளாகப் பார்க்கும் ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட நரம்பு வலை எந்தெந்த நிகழ்வு வரிசைகளை அடையாளம் காணும் என்று கணிதவியலாளர் ஸ்டீபன் கிளேனி 1951-இல் ஆராய்ந்தார். அது 1956-இல் நூலில் அச்சானது. இன்று நாம் போடும் அந்த நட்சத்திரக் குறி அவருடையது; ‘கிளேனி நட்சத்திரம்’ என்றே அதற்குப் பெயர்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 1968-இல், பெல் ஆய்வகத்தின் கென் தாம்சன் அந்தக் கணிதத்தை எழுத்துத் திருத்தியில் தேடுவதற்குப் பயன்படுத்தினார். தேட வேண்டிய வடிவத்தைக் கொடுத்தால், அவருடைய நிரல் அதை அப்படியே ஐபிஎம் 7094 இயந்திரத்தின் கட்டளைகளாக மாற்றும். இன்று எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும் ‘கிரெப்’ அந்த வழி வந்தது.

1975-இல் அதே ஆய்வகத்தில் மைக் லெஸ்க்கும் எரிக் ஷ்மிட்டும் ‘லெக்ஸ்’ பற்றிய அறிக்கையை எழுதினார்கள். ஷ்மிட்டுக்கு அப்போது இருபது வயது, மாணவர். 2001-இல் கூகுளின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் அவர்தான். லெக்ஸின் அழகு எளிமையில் இருந்தது. இடது பக்கம் வடிவ விதி, வலது பக்கம் அது பொருந்தினால் செய்ய வேண்டியது. ஸ்கேனரை நாம் எழுத வேண்டாம். விதிகளைக் கொடுத்தால் லெக்ஸ் எழுதித் தரும். 1987 வாக்கில் வெர்ன் பாக்ஸன் அதையே வேகமாக ஓடும்படி புதிதாக எழுதி ‘ஃபிளெக்ஸ்’ என்று வெளியிட்டார். நான் வகுப்பில் தொட்டது அதைத்தான்.

லெக்ஸ் அறிக்கையில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. கோட்டுக்குறியின் இரு பக்கமும் பெரிய எழுத்துகளாகவோ, சிறிய எழுத்துகளாகவோ, எண்களாகவோ இல்லையென்றால் விளைவு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் என்கிறார்கள். காரணம், ‘இதிலிருந்து அதுவரை’ என்பதற்குக் கணினி நம் நெடுங்கணக்கைப் பார்ப்பதில்லை. எழுத்துக்குக் கொடுத்த எண்ணைப் பார்க்கிறது. 1963-இன் ஆஸ்கி தரத்தில் ஆங்கில எழுத்துகளுக்கு வரிசையாக எண் கொடுத்தார்கள். ஐபிஎம்மின் எப்சிடிக் முறையில் அப்படியில்லை. ஐ-க்கும் ஜே-க்கும் நடுவே இடைவெளி, ஆர்-க்கும் எஸ்-க்கும் நடுவே இன்னொரு இடைவெளி. ஆங்கிலத்துக்கே இந்தக் கதி இருந்தது. ஆஸ்கி எங்கும் பரவிவிட்டதால் அந்த எச்சரிக்கையை எல்லாரும் மறந்துபோனார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் மறக்கலாம். நான் மறந்ததுதான் தப்பு.

முருகனை மூன்றாக வெட்டியது

மாமாவின் பட்டியலுக்கு ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று பைத்தான் மொழியை எடுத்துக்கொண்டேன். அதில் ‘சொல்லில் வரும் எழுத்து’ என்பதற்கு ஒரு சுருக்கக் குறி இருக்கிறது. அதைப் போட்டேன். ‘முருகன்’ என்ற பெயர் ‘ம’, ‘ர’, ‘கன’ என்று மூன்று துண்டாக வந்தது.

யூனிகோடில், அதாவது ஒருங்குறியில், ‘மு’ என்பது ஒரு எழுத்தல்ல. மகரம் ஒன்று, உகரத் துணைக்குறி ஒன்று. புள்ளியும் அப்படித்தான், தனிக் குறி. பைத்தானின் அந்தச் சுருக்கக் குறி எழுத்தையும் எண்ணையும் ஏற்கும், துணைக்குறியை ஏற்காது. துணைக்குறி வந்த இடமெல்லாம் சொல் முடிந்துவிட்டதாக நினைத்து வெட்டுகிறது. ஒற்றைப் புள்ளியில் உயிரையும் மெய்யையும் பிரித்துக் காட்டும் மொழிக்கு இது பெரிய அநியாயம்.

சரி, நானே எழுதிவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். தமிழ்ப்பள்ளியில் படித்தது கைகொடுக்கும் என்று நம்பினேன். உயிர் அ முதல் ஔ வரை. மெய் க முதல் ன வரை. தொல்காப்பியர் நூலின் தொடக்கத்திலேயே எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது என்று சொல்லிவிடுகிறாரே. [அ-ஔ], [க-ன], பக்கத்தில் துணைக்குறிகள். கண்ணன் வந்தார், கந்தன் வந்தார், நாகன் வந்தார். ரொம்பச் சந்தோஷம்.

ஒருங்குறியில் ககரத்திலிருந்து னகரம் வரை என்றால் பதினெட்டு மெய்யும் வராது. அங்கே னகரம் கடைசி எழுத்தே அல்ல. நகரத்துக்கு அடுத்து நிற்கிறது. ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற ஒன்பதும் னகரத்துக்குப் பிறகு. என் விதிக்கு அவை எழுத்தே இல்லை. கண்ணனும் கந்தனும் நாகனும் தப்பியது அதிர்ஷ்டம். அந்தப் பெயர்களில் இருந்த மெய்யெல்லாம் னகரத்துக்குள் அடங்கியவை. ‘முருகன்’ என்பதில் ‘கன்’ மிஞ்சியது. ‘பழனி’யில் ‘னி’. ‘தங்கம்’ மகர ஒற்றை இழந்து ‘தங்க’ ஆனது. பாட்டியின் பெயரில் மகரமும் ரகரமும் யகரமும் மட்டும்தான். ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. பெயர் இல்லாத வரியைக் காலி வரி என்று நினைத்து நிரல் தாண்டிப் போய்விட்டது.

னகரம் ஏன் அங்கே போனது

தமிழ் இலக்கணம் எழுத்துகளை அடுக்கியதில் ஒரு ஒழுங்கு உண்டு. க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம என்று வல்லினமும் அதன் இன மெல்லினமும் சோடி சோடியாக. பிறகு இடையினம் ஆறு. கடைசியில் ற-ன என்ற சோடி. னகரத்தின் துணை றகரம். நகரத்தின் துணை தகரம்.

கணினி வரிசை வேறு வீட்டிலிருந்து வந்தது. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘இஸ்கி’ என்ற தரத்தை 1980-களில் இந்தியாவில் உருவாக்கினார்கள். எல்லா லிபிக்கும் ஒரே அமைப்பு. தேவநாகரியின் ககரம் எந்த இடத்திலோ, தமிழின் ககரமும் அதே இடத்தில். அதனால் ஒரு லிபியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது சுலபம். அந்தப் பொது அமைப்பில் தமிழின் ன, ற, ழ ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்கினார்கள். தேவநாகரியில் இவற்றை எழுத, நெருங்கிய எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பார்கள். னகரம் என்றால் நகரத்துக்குக் கீழே புள்ளி. றகரம் என்றால் ரகரத்துக்குக் கீழே புள்ளி. ஆகவே னகரம் நகரத்தின் பக்கத்து வீடு, றகரம் ரகரத்தின் பக்கத்து வீடு. 1991-இல் வந்த ஒருங்குறி, 1988-இன் இஸ்கி அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளுக்கான இடங்கள் தமிழ்ப் பகுதியில் இன்றும் காலியாகக் கிடக்கின்றன.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. பொதுவான அமைப்பு வேண்டும் என்பது நியாயமான ஆசை. அது வருவதற்கு முன் நாம் இருந்த நிலைமையையும் மறக்கக்கூடாது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். ஆனால் உலகம் முழுக்க ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம். ஒருவர் தட்டியது இன்னொருவர் திரையில் கோணல்மாணலாகத் தெரியும். 1997-இல் சிங்கப்பூரில் கூடிப் பேசினார்கள், 1999-இல் சென்னையில், 2001-இல் கோலாலம்பூரில். தஸ்கி என்ற குறியேற்றம் பார்வை வரிசையில் எழுதியது: ‘கெ’ என்றால் கொம்பு முன்னே, ககரம் பின்னே. ஒருங்குறியில் ககரம் முன்னே. ஒன்றுக்கு எழுதிய ஸ்கேனர் விதியை மற்றதில் ஓட்டினால் எல்லாம் தலைகீழ். அந்தக் குழப்பத்திலிருந்து ஒருங்குறி நம்மைக் காப்பாற்றியது உண்மை. மாமா தட்டியதை என் கைப்பேசியில் நான் படிக்க முடிவதே அதனால்தான்.

தமிழ் வரிசை வேண்டும் என்று கேட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஒருங்குறியை அரசுத் தரமாக ஏற்றபோது, டேஸ்16 என்ற இன்னொன்றையும் மாற்றுத் தரமாக அறிவித்தது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண், இலக்கண வரிசையில். என் [க-ன] போன்ற ஆசைகள் நிறைவேறக்கூடிய ஊர் அது. ஆனால் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அது குடியிருப்பதால் சாதாரணக் கைப்பேசியில் தெரியாது. வீடு நன்றாக இருந்தும் சாலை வரவில்லை.

டத்தோவும் ரிங்கிட்டும்

இந்தக் கதையைச் சொன்னபோது நண்பர் ஒருவர், “தொல்காப்பியமே ஒரு ஸ்கேனர்தானே, நம்மாளுங்க அப்பவே பண்ணிட்டாங்க” என்றார். இப்படிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். எனக்கு ஒப்பவில்லை. தொல்காப்பியம் ஒரு மொழி எப்படி இயங்குகிறது என்று கவனித்து எழுதிய நூல். எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று மொழிமரபில் வகுத்திருப்பதை வடிவ விதியாக மாற்றி எழுத முடியும். அதற்காக அது நிரல் ஆகிவிடாது.

எழுதிப் பார்த்தால் என்ன ஆகும்? ட, ர, ல ஆகியவை சொல்லுக்கு முதலில் வராது என்பது விதி. ஜொகூரில் அந்த ஸ்கேனரை ஓட்டினால் ரப்பர் போச்சு, லயம் போச்சு, லோரி போச்சு. ரிங்கிட்டும் டத்தோவும் அடிபட்டுப் போவார்கள். மாமாவின் புத்தகத்தில் இருக்கும் ராமசாமிகளும் லெட்சுமிகளும் வெளியே நிற்பார்கள். தொல்காப்பியத்தில் சகரம் அகரத்தோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது. 13-ஆம் நூற்றாண்டு நன்னூல் அதை ஏற்றுக்கொள்கிறது. பேச்சு மாறியது, அதைப் பார்த்து விதி மாறியது. விதியை வைத்து மக்களைத் துரத்தவில்லை. நான் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தக் கவனிப்பைத்தான் என்று தோன்றியது.

மிச்சத்துக்கு ஒரு விதி

விதியைத் திருத்துவது பெரிய வேலையில்லை. [க-ன] என்பதை [க-ஹ] என்று மாற்றினேன். ஒருங்குறி வரிசையில் ஹகரம்தான் கடைசி மெய்; பதினெட்டும் கிரந்த எழுத்துகளும் அதற்குள் அடங்கிவிடும். மெய்க்குப் பின் ஒரே ஒரு துணைக்குறி வரலாம் என்று வைத்திருந்ததையும் மாற்ற வேண்டியிருந்தது. ‘கொ’ என்பதை ஒரே துணைக்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே கிளேனியின் நட்சத்திரத்தைப் போட்டேன். எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டும் என்றால் ‘ஓப்பன் தமிழ்’ நிரலகம் இருக்கிறது. எழில் செய்தவர்களின் இன்னொரு வேலை. அகர வரிசைக்கும் எழுத்தின் எண்ணை நம்பக்கூடாது, அதற்கென்று தனி வரிசை அட்டவணைகள் உண்டு.

ஆனால் எனக்கு உறைத்தது வேறு ஒன்று. லெக்ஸில் எந்த விதிக்கும் பொருந்தாத எழுத்து வந்தால், அது அதை அப்படியே வெளியீட்டில் கொட்டிவிடும். வகுப்பில் படிக்கும்போது திரையெல்லாம் குப்பையாக வருகிறதே என்று எரிச்சல்படுவோம். கடைசி வரியில் ‘மற்றது எதுவானாலும்’ என்று ஒரு விதி எழுதி, அதைப் பிடித்துச் சொல்லச் சொல்வார் விரிவுரையாளர். மதிப்பெண்ணுக்காக எழுதினோம். பைத்தானில் நான் பயன்படுத்திய வழி பொருந்தியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. அந்தக் குப்பை என் திரையில் விழுந்திருந்தால் பாட்டியின் பெயரை அன்றைக்கே பார்த்திருப்பேன்.

இந்த முறை மிச்சத்துக்கென்று தனிக் கோப்பு ஒன்று திறந்தேன். எந்த விதிக்கும் அடங்காதது எல்லாம், எந்த வரியிலிருந்து வந்தது என்ற குறிப்போடு அங்கே போய்ச் சேரும். ஓட்டி முடித்துத் திறந்தால், பெயர்கள் எதுவும் அங்கே இல்லை. ஒரே ஒரு குறி மட்டும் திரும்பத் திரும்ப: ×. பல வரிகளின் கடைசியில். மாமா கைதவறித் தட்டியிருப்பார் என்று நினைத்து அழிக்கப் போனேன். பிறகு, எதற்கும் கேட்போம் என்று போன் போட்டேன்.

“அதையா? அது புத்தகத்துல சிவப்பு மையில இருக்கும்மா. அந்த வீட்டுக்குப் பணம் குடுத்தாச்சுன்னு அர்த்தம்.”

பணம் கொடுத்தாச்சு என்றால் என்ன அர்த்தம் என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. பெருக்கல் குறிக்கு ஒரு விதி எழுதி, பட்டியலில் அதற்கென்று ஒரு பத்தி சேர்த்தேன். முழுவதையும் மறுபடி ஓட்டிவிட்டு, இந்த முறை வரி வரியாக நானே படித்தேன். இரண்டாம் புத்தகத்தின் நடுவில் பாட்டியின் பெயர் முழுசாக வந்திருந்தது. லயத்து எண், வெள்ளி, காசு. கடைசிப் பத்தியில் அந்தக் குறியும் இருந்தது.